வேலுத்தாய் என்ற பெயரில் நான் எழுதிய கதைகள்

1. கடித்து முகம் சுளித்தவர்

முதலாளி கையில் சுருட்டி வைத்திருந்த பத்திரிகையால் மேசையில் ஓங்கி அடித்தார். சாம்பிள் தட்டில் இருந்த ஏலக்காய்கள் எகிறித் தரையில் ஓடின.

“ஏய்யா சுப்பு, இந்தக் கதையில வர்ற சொக்கலிங்கம் யாருய்யா?”

“சும்மா கற்பனைதான் முதலாளி.”

“கற்பனையா? ஹால்ல போய்ப் பாரு. உன் கற்பனை எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருச்சு. நாற்காலி காலியாக் கெடக்கு.”

நான் அப்போது போடியில் ஏலக்காய் ஏலம், அதாவது ஆக்‌ஷன் நடத்தும் ஒரு கம்பெனியில் சாம்பிள் அறைப் பொறுப்பாளன். தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு வாத்தியார் வேலைக்குக் காத்திருந்து, கிடைக்காமல், இந்த வேலைக்கு வந்தவன். மலையிலிருந்து விவசாயிகள் கொண்டுவரும் மூட்டைகளைப் பிரித்து, மேலே ஒரு கை, நடுவில் ஒரு கை, அடியில் ஒரு கை காய் எடுத்துக் கலந்து, லாட் நம்பர் போட்டுத் தட்டில் வைக்க வேண்டும். அந்தத் தட்டு ஹாலைச் சுற்றி வரும். வியாபாரிகளில் ஒருவர் பச்சை நிறத்தைப் பார்ப்பார். இன்னொருவர் உள்ளங்கையில் குலுக்கிக் கனம் பார்ப்பார். வேறொருவர் உடைத்து உள்ளே அரிசி என்று நாங்கள் சொல்லும் விதை கருப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஒரே ஒருவர் மட்டும் காயைக் கடிப்பார். கடித்தவுடன் பாகற்காயை மென்றது போல முகத்தைச் சுளிப்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த லாட்டின் மேல் இருந்த ஆசை பாதி போய்விடும். அதன் பிறகு அதே லாட்டை அவர் அமைதியாகக் குறைந்த விலைக்குக் கேட்டு எடுத்துக்கொள்வார். வருடக்கணக்காக நடந்துவந்த இந்தக் கூத்தை யாரும் கவனித்திருக்கவில்லை. நான் கவனித்தேன். அதை ஒரு சிறுகதையாக எழுதி, ஆளின் பெயரை மட்டும் மாற்றி, என் பெயரிலேயே மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாத இதழுக்கு அனுப்பினேன். வெளியானது.

அடுத்த ஆக்‌ஷன் அன்று அவர் ஒரு காயை வாயில் போட்டதும் ஹால் முழுவதும் முகத்தைச் சுளித்தது. யாரோ பின்வரிசையிலிருந்து, “அண்ணே, ரொம்பக் கசக்குதா? அப்ப நீங்களே எடுத்துக்கங்க” என்றார். காயைக் கடித்தவர் எழுந்து போனார்; அதன்பின் பல வாரம் எங்கள் ஹாலுக்கு வரவில்லை.

“நீ கதை எழுது, காவியம் எழுது. எனக்கென்ன?” என்றார் முதலாளி. “ஆனா நம்ம ஹால்ல உக்கார்றவன எழுதுனா எவன்யா இங்க வந்து லாட்டு கேப்பான்? இன்னொரு தடவ உம் பேரப் பத்திரிகையில பாத்தேன், மறுநாள் சோலிக்கு வராத.”

அந்தக் கதையைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான். ஒரு மனிதரின் முகத்தை ஊரே அடையாளம் காணும்படி எழுதியிருந்தேன். அதற்கான விலையைக் கொடுக்கத்தான் எனக்குத் துணிச்சல் இருக்கவில்லை.

2. பெயர் கேட்டது

என் மனைவி வேலுத்தாய் கிராம சுகாதார செவிலியர். குரங்கணிக்கு மேலே உள்ள எஸ்டேட்டுகளும் மலைக்கிராமங்களும் அவளுடைய பகுதி. காலையில் எங்கள் மகள் கவிதாவைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு, தடுப்பூசி வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். குரங்கணியில் ஜீப் கிடைத்தால் ஜீப். இல்லாவிட்டால் நடை.

முதலாளி திட்டிய அன்று நான் வீட்டுக்கு வந்தபோது அவள் காலில் அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

“வேலு, உன் பேர்ல எழுதிக்கவா?” என்று கேட்டேன். தண்ணீர் கேட்பது போலத்தான் கேட்டேன்.

“எழுதிக்கங்க. எம் பேரு சும்மாதான கெடக்கு” என்றாள்.

மனைவி பெயரில் எழுதுவது எங்கள் காலத்தில் எழுதுகிற ஆண்களிடம் சாதாரணமாக இருந்தது. யாரும் அதைத் தவறு என்று நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

வேலை பார்த்துக்கொண்டே எழுத உங்களுக்கு எங்கிருந்து நேரம் கிடைத்தது என்று இப்போதும் இளைஞர்கள் என்னைக் கேட்கிறார்கள். விடியற்காலையில் எழுதினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதினேன் என்று முன்பெல்லாம் பதில் சொல்வேன். அது உண்மைதான். ஆனால் அந்த விடியற்காலையில் தண்ணீர் பிடித்தது யார், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தது யார், கவிதாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. எனக்குக் கிடைத்த நேரம் முழுவதும் அவளிடமிருந்து எடுத்தது. அவளும் வேலைக்குப் போகிறவள் என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எடுத்தது நேரத்தை மட்டுமல்ல. சாப்பிடும்போது அவள் அன்றன்று மலையில் பார்த்ததைச் சொல்வாள். ஊசிக்குப் பயந்து காப்பிச் செடிக்குள் ஒளிந்த கிழவர், பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்லி ஜீப்பை மறித்தவர்கள், மாத்திரையைக் கோழிக்குப் போட்டுவிட்டுக் கோழி நன்றாக இருக்கிறது என்று சொன்ன பெண். நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்பேன். அடுத்த மாதம் அது கதையாக வரும்.

இதழின் ஆசிரியருக்கு வேலுத்தாய் ஒரு செவிலியர் என்று எழுதியிருந்தேன். அவர் ஒவ்வொரு கதைக்கு மேலும் ‘மலைக்கிராமச் செவிலியர் எழுதும் கதை’ என்று போட்டார். வாசகர் கடிதங்கள் வந்தன. ‘சகோதரி, உங்கள் எழுத்தில் மலையின் ஈரம் இருக்கிறது’ என்று ஒருவர் எழுதினார். அதை நான் பலமுறை படித்தேன். அவளிடம் ஒருமுறை காட்டினேன்.

“ஈரமா? சேலையப் பிழிஞ்சு போட்டுட்டுத்தான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

3. நான் செத்தா போனேன்?

ஒரு மழைக்காலத்தில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பாண்டியம்மா என்ற காய் எடுக்கும் பெண்ணுக்கு வலி கண்டது. கீழே இறக்கிக் கொண்டுவர வழியில்லை. செய்தி வந்து வேலுத்தாய் போனாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. மறுநாள் வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். நானும் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தபோது, எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அது இலக்கியம் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. ஆகவே அதே லயத்தை வைத்து எழுதிய என் கதையில் மழைக்குப் பயந்து நர்ஸ் மேலே வரவில்லை. கர்ப்பிணியைக் கம்பில் துணித் தொட்டில் கட்டித் தூக்கி வருகிறார்கள். பாதி மலையில் அவள் இறந்துபோகிறாள். முடிவை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. அதுவரை நான் எழுதியதிலேயே சிறந்தது என்று நம்பினேன். கதையின் மேல் ‘வேலுத்தாய்’ என்று அச்சாகி வந்தது.

அது என்ன செய்யும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மலையேறிப் போய்ப் பிரசவம் பார்த்த நர்ஸ், தான் போகவில்லை என்று தன் பெயரிலேயே எழுதியதாக ஆகிவிட்டது.

ஜீப் டிரைவர் ஒருவர் அந்த இதழை லயத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார். அடுத்த தடுப்பூசி நாளில் பாண்டியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஊசி போடப் பிள்ளையின் காலைக் காட்டவில்லை. நடந்ததை வேலுத்தாய் பிறகு என்னிடம் அப்படியே சொன்னாள்.

“ஏன் நர்சம்மா, நீங்கதான வந்து பிள்ளைய எடுத்தீக?”

“ஆமா பாண்டியம்மா.”

“பெறகு ஏன் வரலைன்னு எழுதுனீக? சரி, நீங்க வரலைன்னே வச்சுக்குவோம். நான் செத்துப் போனேன்னு எழுதியிருக்கீகளே, நான் செத்தா போனேன்? எம் மாமியா அதக் கேட்டதுலருந்து என்னையப் பேயப் பாத்த மாதிரி பாக்குது.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தி சிரிக்காமல் சொன்னாள்: “நாளைக்கு எங்களுக்கு ஒண்ணுன்னா வருவீகளா மாட்டீகளா, அத மட்டும் சொல்லுங்க ஆத்தா.”

பல வருடம் அந்த மலையில் ஏறி இறங்கியவளிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. பதில் சொல்ல வேண்டியவன் போடியில் சாம்பிள் அறையில் உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரமே சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா கூப்பிட்டுப் பேசினார். கோபமாகப் பேசவில்லை. “வேலுத்தாய், நீ போனது எனக்குத் தெரியும். ஆனா போகலைன்னு நீயே எழுதியிருக்கியேம்மா. மேல இருந்து கேட்டா நான் என்ன சொல்றது? ஒரு விளக்கம் எழுதிக் குடு.”

4. விளக்கம்

அன்று மாலை அவள் இதழை என் முன்னால் வைத்தாள். என்ன வந்திருக்கிறது என்று அதுவரை அவள் படித்ததில்லை. அன்றுதான் முழுவதும் படித்திருந்தாள்.

“நான் போனேன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் போகலைன்னு எழுதினீங்க?”

“கதைக்கு அது தேவைப்பட்டுச்சு வேலு. கதைன்னா…”

“தேவைப்பட்டுச்சுன்னா உங்க பேரப் போட்டுல்ல எழுதியிருக்கணும்?”

பதில் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான் அதுவும் செய்யவில்லை. “டாக்டரம்மாகிட்ட நான்தான் எழுதினேன்னு சொல்லிராத. முதலாளி காதுக்குப் போனா வேலை போயிரும்” என்றேன்.

அவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கவிதா படிக்கும் மேசையில் போய் உட்கார்ந்தாள். அடித்துத் திருத்தாமல் எழுதினாள். எழுதியதை மூடி வைக்கவில்லை. நான் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

‘இந்தக் கதை என் பெயரில் வந்துள்ளது. செவிலியர் வரவில்லை என்று அதில் உள்ளது. நான் சென்றேன். மழையில் ஜீப் ஏறவில்லை. நடந்து சென்றேன். லயத்து வீடு ஒழுகியதால் பாண்டியம்மாவை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மாற்றினோம். அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் அங்கே சூடு இருந்தது. அடுப்பை அணைத்தால் உள்ளே இருக்கும் காய் கெட்டுவிடும் என்று விறகு போடும் சன்னாசி பயந்தார். அணைக்க வேண்டாம், திரும்பிப் பார்க்காமல் விறகு போடுங்கள் என்று சொன்னேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தை அழும் வரை திரும்பாமல் விறகு போட்டார். குழந்தையின் எடை சரியாக இருந்தது. காயும் கெடவில்லை.’

இதையெல்லாம் அவள் சாப்பாட்டின்போது என்னிடம் சொல்லியிருந்தாள். ஸ்டோர், அடுப்பு, முதுகைக் காட்டி உட்கார்ந்த மனிதர் எல்லாமே என் சோகக் கதைக்கு இடைஞ்சலாக இருந்ததால் தள்ளிவிட்டேன். இப்போது அவள் கையெழுத்தில் படித்தபோது, நான் எதைத் தள்ளினேன் என்று புரிந்தது. ‘காயும் கெடவில்லை’ என்ற வாக்கியத்தை நான் எத்தனை முறை உட்கார்ந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். ஏலக்காயிலேயே வாழ்ந்தவன் நான். ஆனாலும் அந்த இடத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது அவளுக்குத்தான்.

அவள் அதில் பொய் எழுதவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் செய்வது எவ்வளவு கடினம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

டாக்டரம்மா படித்துவிட்டு அதைக் கோப்பில் வைத்துக்கொண்டாராம். வைப்பதற்கு முன் கேட்டாராம்: “இவ்வளவு நல்லா எழுதுற. இதையே ஏம்மா கதையா எழுதல?”

5. பழைய வேலுத்தாய்

அந்தக் கேள்வி அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சில வாரங்களில் அவள் நடந்ததையே ஒரு கதையாக எழுதி, அதே இதழுக்குத் தன் பெயரில் அனுப்பினாள். இனிமேல் அந்தப் பெயரில் நான் எழுதக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன்.

கதை திரும்பி வந்தது. கூடவே ஆசிரியரின் குறிப்பு. ‘இது உங்கள் நடையாக இல்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அலங்காரம் எல்லாம் போய்விட்டது. எங்களுக்குப் பழைய வேலுத்தாய்தான் வேண்டும்.’

அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். இன்னொரு கதை எழுதி அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது. அப்போது அவள் சிரிக்கவில்லை.

“எம் பேருக்குள்ள எனக்கே இடமில்ல பாத்தீங்களா?” என்றாள்.

“வேற பேரு ஏதாவது வச்சு அனுப்பிப் பாரேன்” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான வார்த்தைகளை வரிசைப்படுத்தினால் அதுதான் முதலில் நிற்கும். யோசனை சொல்கிற மாதிரி வேறு சொன்னேன்.

“எங்கப்பன் வச்ச பேரு அது. நான் எதுக்கு மாத்தணும்? நீங்க எழுதுனதுக்கு நீங்க வேற பேரு தேடுங்க.”

அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வேலைக்குப் போனாள், சமைத்தாள், எழுதினாள். எழுதியதை அனுப்பாமல் வைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது மலைக்கதை சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். தட்டு ஓசை மட்டும் கேட்கிற வீட்டில் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் ஒரு வார்த்தை ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் அவளுடைய கதைகள் வெளிவந்திருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், கவிதா கல்லூரிக்குப் போக வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு மலைக்கிராமச் செவிலியர் எழுதியதாக இருந்தால்தான் அந்தக் கதைகளுக்கு மதிப்பு. போடியில் ஆபீஸில் உட்கார்ந்து ஓர் ஆண் எழுதினான் என்று தெரிந்தால் அவை சாதாரணக் கதைகளாகிவிடும். அது எனக்குத் தெரியும். கிடைத்திருந்த பாராட்டை விட எனக்கு மனம் வரவில்லை.

6. சாவி

என்னை அசைத்தது ஒரு சின்ன விஷயம். கல்லூரி விண்ணப்பத்தோடு பெற்றோரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். கவிதா எழுதியதை வாசித்துக் காட்டினாள். ‘என் அப்பா ஏலக்காய் கம்பெனியில் வேலை பார்க்கிறார். என் அம்மா செவிலியர். நன்றாக எழுதுவார்.’

“யாரு எழுதுவாங்கன்னு போட்ட?” என்று கேட்டேன்.

“அம்மாதான்.” அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அம்மா எழுதி வச்சிருக்கிறத எல்லாம் நான் படிச்சுட்டேன்ப்பா. ஏம்ப்பா அதெல்லாம் வீட்டுலயே கெடக்கு?”

அவளுக்கு எல்லாம் தெரியுமா, தெரியாமல்தான் கேட்டாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனேன்.

“முதலாளி, வேலுத்தாய்ங்கிற பேருல கதை எழுதுனது நான்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தெரியும்யா.”

“தெரியுமா?”

“லாட்டு ஷீட்டுக்குப் பின்னாடி எழுதிக் கசக்கிப் போடுறது நீதான? கூட்டுற பிள்ள கொண்டாந்து காட்டுச்சு. நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன். பொம்பளப் பேருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வரவே மாட்டேன்னுட்ட.”

“இப்ப அத வெளிய சொல்லப் போறேன் முதலாளி. பத்திரிகையில என் பேரு வரும்.”

அதற்குள் ஆக்‌ஷன் ஹாலில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. தட்டு சுற்றுவது நின்று, சாம்பிளைக் கவரில் போட்டு ஒவ்வொருவர் மேசையிலும் வைத்தோம். ஆனாலும் வியாபாரிகள் அதே வியாபாரிகள்தான். தங்களைக் கவனித்து எழுதுகிறவன் கையால் சாம்பிள் வாங்க அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். முதலாளி அதை யோசித்தார் என்று நினைக்கிறேன்.

“உன்னைய வெளிய அனுப்ப மாட்டேன். சொன்ன சொல்ல மாத்துறேன்னு நெனச்சுக்க. ஆனா சாம்பிள் ரூம் சாவியக் குடுத்துரு. நாளையிலருந்து குடோன்ல எடை போடுற பக்கம் உக்காரு.”

சாவியைக் கொடுத்தேன். ஓய்வு பெறும் வரை எடை மேடைக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். காயைக் கையில் எடுத்ததும் எந்த மலைச்சரிவில் விளைந்தது என்று சொல்கிறவன், சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த வருத்தம் என்னுடையது. வேறு யார் தலையிலும் நான் ஏற்றி வைக்காதது. அதனால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

அந்த வாரமே பஸ் பிடித்து மதுரைக்குப் போய் ஆசிரியரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, “நீங்க என்னைய ஏமாத்துனது போகட்டும் ஐயா” என்றார். “அந்தம்மா அனுப்புன கதைய அவங்க நடையில்லைன்னு அவங்களுக்கே நான் திருப்பி அனுப்பியிருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அவங்ககிட்டப் பேசுறது?”

“நானும் அதே யோசனையிலதான் ஒரு வருஷம் இருந்தேன்” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போகவில்லை. ஒரு தாளை எடுத்து என் முன்னால் தள்ளினார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். இதுவரை வேலுத்தாய் என்ற பெயரில் வந்த கதைகள் அனைத்தும் என்னுடையவை, மலைக்கு வராத நர்ஸ் என் கற்பனை, உண்மையான நர்ஸ் நடந்து போய்ப் பிரசவம் பார்த்தார் என்று என் முழுப் பெயரோடு எழுதினேன். அடுத்த இதழில் அது முதல் பக்கத்தில் வந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்டோரில் பிறந்த குழந்தையின் கதை வந்தது. மேலே வேறு எந்த அடைமொழியும் இல்லாமல், வேலுத்தாய் என்று மட்டும்.

எனக்கு வந்த கடிதங்களில் பாதி என்னை மோசடிக்காரன் என்றது. சரிதான். ஜீப் டிரைவர் இரண்டு பக்கத்தையும் லயத்தில் படித்துக் காட்டினார். சன்னாசி தன் பெயர் வரும் இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாராம்.

7. இப்போது

வேலுத்தாய் ஓய்வு பெறுவதற்கு முன்பே அவளுடைய கதைகள் புத்தகமாக வந்துவிட்டன. இரண்டாவது புத்தகம் அச்சில் இருக்கிறது. செவிலியர் பயிற்சிக்கு வரும் பெண்கள் அவளைத் தேடி வருகிறார்கள். மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, வழி கேட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் உண்டு. கதவைத் திறந்து, “உள்ள வாங்க, எழுதிக்கிட்டு இருக்காங்க, வந்துருவாங்க” என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். நான் சாம்பிள் அறையில் எத்தனையோ முதல் தரக் காயைக் கையில் எடுத்துப் பார்த்தவன். இது தரமான எழுத்து என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கணவன் என்பதற்காகச் சொல்லவில்லை.

அவள் காலையில் எழுதுகிறாள். அந்த நேரத்தில் அடுப்படி என்னுடையது. தொடக்கத்தில் என் சட்னியை யாரும் தொடவில்லை. இப்போது பரவாயில்லை. சாப்பாட்டின்போது மலைக்கதைகளும் திரும்ப வந்துவிட்டன. ஆனால் இது நான் எழுதப் போறது, கை வச்சிராதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவாள்.

வேலையும் குடும்பமும் இருக்கும்போது எழுத முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முடியும். ஆனால் நீங்கள் எழுத உட்காரும்போது வீட்டில் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். அவருக்கும் உட்கார ஒரு நேரம் ஒதுக்குங்கள். எழுதியதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தால் உங்கள் கையிலிருந்து கொடுங்கள். நான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்டது இது.

நானும் எழுதுகிறேன். அவ்வப்போது ஒன்றிரண்டு வெளியாகிறது. நிறையத் திரும்பி வருகிறது. போன வாரம் பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் போனில் அவளோடு புரூஃப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. வேலுத்தாய் சொன்ன பதில் கேட்டது.

“ஆமாம்மா, வீட்டுக்காரரும் எழுதுவாரு. சுமாரா எழுதுவாரு. அவரு பேருலதான் எழுதுறாரு.”